யானைகள் குடித்த மிச்சம்

எவாசோ ஆற்றங்கரை

அன்புள்ள நைசுலாவுக்கு,

சுகமா? வயிற்றுப் பிள்ளை உதைக்கிறதா? அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

நேற்று மாடுகளுக்காக ஆற்று மணலில் தோண்டிய குழிக்கு யானைகள் வந்துவிட்டன. வேலமரத்தில் ஏறிக்கொண்ட என்னால் உச்சிவெயில்வரை இறங்க முடியவில்லை. "மச்சான், அங்கயே குடும்பம் நடத்துங்க!" என்று தூரத்திலிருந்து உன் தம்பி லெகிசாட் கத்தினான். யானைகள் போனபின் சேறுதான் மிஞ்சியது. நம் மாடுகளும் வரிக்குதிரைகளும் சேர்ந்தே அதை நக்கின. விரட்ட மனம் வரவில்லை.

வேலிக்கு அப்பால் வனவிலங்குக் காப்பகத்தில் புல் இருக்கிறது; நுழைந்தால் காவலர்கள் மாடுகளைப் பிடித்துக்கொள்வார்கள். ஊருக்குத் திரும்பும் வழியெல்லாம் கட்டாந்தரை. மழை வரும்வரை நகர முடியாது.

தேயிலையும் டயர் செருப்பும் கொடுத்தனுப்பு. நீ போர்த்திய சிவப்புத் துணி ஒன்றும் வேண்டும், தூசிக்கு முகத்தில் கட்டத்தான்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் லாரி கிளம்புகிறது. பிள்ளைக்குப் பெயர் வைக்க எனக்காகக் காத்திருக்காதே. வைத்த பெயரைச் சொல்லியனுப்பு. இங்கிருந்தே கூப்பிட்டுப் பார்க்கிறேன்.

உன் லெமெரியன்