கடை இயந்திரத்துக்கு இல்லாத பூட்டு

ஜூன் 2, திங்கள்

இன்றும் பழைய கணினி உறைந்து போனது. பிறந்த பிள்ளையைப் பதிய வந்த ஓர் அப்பா மூன்று கவுன்ட்டர் ஏறி இறங்கினார். மூன்றிலும் அதே பெயர், அதே விலாசம், புதிதாகத் தட்டச்சு. எங்கள் நகராட்சியில் ஒரு கணினி சொல்வது அடுத்ததற்குக் கேட்காது. “உங்களுக்குள்ள பேசிக்க மாட்டீங்களா?” என்றார். நியாயம்தான்.

ஜூலை முதல் தேதி புது வலையமைப்பு வருகிறது. இதற்காக எத்தனை கூட்டத்தில் வாதாடியிருக்கிறேன்! வரட்டும்.

ஜூன் 13, வெள்ளி

சோதனை ஓட்டம்.

அடித்த கணவனிடமிருந்து ஓடிவந்தவர்களின் பதிவுக்கு ஒரு பூட்டு உண்டு. கணவனே வந்து குடும்பப் பதிவேட்டின் நகல் கேட்டாலும் விலாசம் வெளியே போகாது. புது அமைப்பில் இந்தப் பூட்டு கவுன்ட்டரில் வேலை செய்கிறது. கடைகளில் வைத்திருக்கும், அடையாள அட்டையைச் செருகினால் சான்றிதழ் அச்சிட்டுத் தரும் இயந்திரத்தில் வேலை செய்யவில்லை! சோதனைக்கு ஒரு கற்பனைக் கணவனை உருவாக்கி அவன் அட்டையைச் செருகினேன். மனைவியின் புது விலாசம், வீட்டு எண் முதற்கொண்டு, அழகாக அச்சாகி வந்தது.

வலையமைப்பைச் செய்துதரும் நிறுவனத்தின் பொறியாளர் இதைப் பார்த்துவிட்டு, ஒப்பந்தத்தில் இது கேட்கப்படவில்லை என்கிறார். கேட்கவில்லையாம்.

ஜூன் 16, திங்கள்

பிரிவுத் தலைவர் ஒனிசாவாவிடம் சொன்னேன். கடை இயந்திரங்களை மட்டும் பிறகு திறக்கலாம், மற்றதெல்லாம் தேதிப்படி நடக்கட்டும் என்றேன். முடியாதாம். மேயர் கடைக்குப் போய் இயந்திரத்தில் சான்றிதழ் எடுப்பதுதான் திறப்பு விழாவே. தொலைக்காட்சிக்காரர்களுக்குச் சொல்லியாகிவிட்டது.

“வகாத்சுகி-சான், இது வேணும்னு ஒத்தக்கால்ல நின்னது நீங்கதானே? இப்ப நீங்களே குறுக்க நிக்கிறீங்க.”

ஆமா, நான்தான் நின்னேன். இதுக்காகவா நின்னேன்?

ஜூன் 17, செவ்வாய்

கோபத்தில் மதியச் சாப்பாட்டை அப்படியே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தேன்.

ஜூன் 20, வெள்ளி

எங்கள் ஊரில் அந்தப் பூட்டின் பின்னால் இருப்பவர்களில் ஒருத்தியை எனக்குத் தெரியும். மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவளுக்கு முதல் நாள் பூட்டுப் போட்டுக் கொடுத்ததே நான். பெயரை இங்கேகூட எழுத மாட்டேன். அவளுக்குச் சொல்லாமல் இருப்பது சரியில்லை என்று தோன்றியது. போனில் சொன்னேன். யாரைப் பார்த்துப் பேச வேண்டும் என்று மட்டும் கேட்டாள்.

ஜூன் 25, புதன்

வந்தாள். ஒனிசாவா அவளை விருந்தினர் அறையில் உட்கார வைத்துத் தேநீர் வரவழைத்தார். அலுவலகம் கண்காணித்துக்கொள்ளும், கவலை வேண்டாம் என்றார். கடைக்குள் நிற்கும் இயந்திரத்தை யார் கண்காணிப்பார்கள்?

அவள் தேநீரைத் தொடவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

“இங்க எனக்கு வேலை கிடைச்சிருக்கு. எம்பொண்ணு இப்பத்தான் பள்ளிக்கூடத்துல ஒரு சிநேகிதியைப் பிடிச்சிருக்கா. உங்க விழாவுக்காக நாங்க மறுபடி மூட்டை கட்டணுமா?”

ஒனிசாவா எழுந்து, இடுப்பு வரை குனிந்து மன்னிப்புக் கேட்டார். அவள் போனதும் விழாவுக்கு வரும் பூங்கொத்தைப் பற்றி என்னிடம் பேசினார்.

பூங்கொத்து!

ஜூன் 30, திங்கள்

கடை இயந்திரங்களுக்கான இணைப்பைத் திறக்கும் பொறுப்பு என்னுடையது. திறக்கப் போவதில்லை, காரணம் இது, என்று எழுதி மத்தியானமே ஒனிசாவாவின் மேசையில் வைத்துவிட்டேன். மேயரின் செயலருக்கும் ஒரு பிரதி. யாரும் படித்ததாகத் தெரியவில்லை. எனக்கு இப்போது இருப்பது பயமா, ஆத்திரமா? இரண்டும்தான்.

ஜூலை 1, செவ்வாய்

மேயர் கேமராக்களைப் பார்த்துச் சிரித்தபடி அட்டையைச் செருகினார். ‘இந்த நகராட்சியில் இச்சேவை தற்போது இல்லை’ என்றது இயந்திரம். மறுபடி செருகினார். மறுபடி அதே பதில். ஐஸ்கிரீம் வாங்க வந்த பையன்கள் சிரித்துவிட்டார்கள்.

அலுவலகம் திரும்பியதும் ஒனிசாவாவின் முகம் வெளுத்திருந்தது. “என்ன பண்ணிட்டீங்கன்னு தெரியுதா?”

“தெரியும். நேத்தே எழுதிக் குடுத்தேன். உங்க மேசையிலதான் இருக்கு.”

அவர் மேசைக்குப் போய்க் காகிதங்களைப் புரட்டினார். ஆனால் கவுன்ட்டரில் அன்று வரிசையே இல்லை. ஒரு தடவை சொன்ன விலாசம் எல்லா மேசைக்கும் போய்ச் சேர்ந்தது. இந்த நல்ல காரியத்துக்கு ஏன் இவ்வளவு அசிங்கப்பட வேண்டியிருந்தது?

ஜூலை 11, வெள்ளி

கடை இயந்திரத்திலும் பூட்டு போட்டாகிவிட்டது. ஒப்பந்தத்தில் இல்லாத வேலை, மேயர் ஒரு போன் போட்டதும் இரண்டே வாரத்துக்குள் முடிந்துவிட்டது. இதை முன்னாடியே செஞ்சிருந்தா என்னய்யா? அந்தப் பொண்ணு எத்தனை ராத்திரி தூங்கலையோ.

நானே சோதித்தேன். அச்சாகவில்லை. இணைப்பைத் திறந்தேன்.

செப்டம்பர் 26, வெள்ளி

இடமாற்ற உத்தரவு வந்தது. அக்டோபர் முதல் நகர நூலகம். காரணம் எழுதவில்லை. எழுதியிருந்தால் மதித்திருப்பேன்.

அக்டோபர் 18, சனி

நூலகத்தில் சனிக்கிழமைக் கூட்டம். ஒரு சிறுமி உறுப்பினர் அட்டை கேட்டு வந்தாள். பின்னால் அவள் அம்மா, அன்று தேநீரைத் தொடாமல் போனவள். என்னைப் பார்த்ததும் சற்றுத் திகைத்து, பிறகு தலை தாழ்த்தினாள்.

முன்பென்றால் நகராட்சிக்குப் போய்க் குடியிருப்புச் சான்று வாங்கி வரச் சொல்லியிருப்போம். இப்போது சிறுமியின் அடையாள அட்டையைக் கருவியில் வைத்தேன். ‘இந்நகரவாசி: ஆம்’ என்றது திரை. விலாசம் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. பழக்கதோஷத்தில் அதைத் தட்டிப் பார்த்தேன். எனக்கும் காட்டவில்லை.

உறுப்பினர் அட்டையைக் கொடுத்தேன். தவளைகள் பற்றிய புத்தகம் இருக்கிறதா என்று சிறுமி கேட்டாள். கூட்டிப்போய்க் காட்டினேன்.