கனகாவின் அட்டை

திருப்புலிவனம்
11.11.2009

அன்பு மகன் செல்வத்துக்கு, அம்மா தேசம்மாள் எழுதுவது. நான் சுகம். பெங்களூரில் நீயும் மருமகளும் பேரன் அஜயும் சுகமாக இருக்க வேண்டும். போனில் சொல்லலாம்தான். போன் உன் சித்தி கனகா வீட்டில் இருக்கிறது. பேச்சில்லாத அந்த வீட்டில் நின்று அவளைப் பற்றியே எப்படிப் பேசுவது?

சித்திக்கு நெஞ்சில் அடைப்பு என்று காஞ்சிபுரத்தில் சொல்லிவிட்டார்கள். அரசாங்கக் காப்பீட்டு அட்டை இருப்பதால் காசில்லாமல் ஆபரேஷன், வருகிற இருபதாம் தேதி என்று நாள் குறித்தார்கள். அன்று முதல் ஊரே அவள் வீட்டில்தான். வந்த ஹார்லிக்ஸ் பாட்டில் மட்டும் ஏழு. எனக்கும் மூன்று வருஷமாக மார்பு வலிக்கிறது. வாயு என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வியாதியில்கூட அவளுக்குத்தான் பெரியது. உன் தாத்தா கன்னியப்பன் எனக்குப் போடாத வெள்ளிக் கொலுசை, அவள் மருமகளாக வந்த அன்றைக்கே அவளுக்குப் போட்டார். நாற்பத்தொரு வருஷம் ஆகிறது. நான் மறக்கவில்லை.

போன வாரம் வி.ஏ.ஓ. வந்தார். அட்டை வாங்கிய வயசானவர்களுக்கெல்லாம் அது தகுமா என்று மறுபடி விசாரணை. நிலம் அதிகம் இருந்தால் அட்டை போய்விடுமாம். பள்ளிக்கூடத்தில் எங்களை வரிசையாக உட்கார வைத்தார். ஏரிக்கரை மூன்று ஏக்கரும் இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கிறதே, அது யார் அனுபவத்தில் இருக்கிறது என்று மூத்த மருமகள் என்பதால் என்னைத்தான் கேட்டார். முழுசும் கனகாவுடையது, எனக்கு ஒரு சென்ட்கூட இல்லை என்று சொல்லிவிட்டேன். பாதி நம்முடையது என்று வருஷா வருஷம் வரப்பில் நின்று சண்டை போட்டவள்தான் நான்.

அவள் மறுத்திருக்கலாம். "அக்கா இன்னா சொல்லுதோ அத்தியே எழுதிக்க சார்" என்றாள். நிலம் மொத்தமும் வருகிறது என்றுதான் அப்படிச் சொன்னாள் என்று நினைத்தேன். ஊரோ, அக்கா பேச்சைத் தட்டாதவள் என்று அதற்கும் அவளைத்தான் மெச்சியது. அந்த ஆத்திரத்தில் கையெழுத்தும் போட்டேன்.

மூன்று ஏக்கர்காரிக்கு வருமானம் அதிகம் என்று அட்டையை நிறுத்திவிட்டார்கள். ஆபரேஷனும் நின்றது. நேற்று குடம் தூக்கப் போனவள் பாதி வழியில் உட்கார்ந்துவிட்டாள். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். எங்களுக்குப் பேச்சு நின்றுதான் ஆறு வருஷம் ஆகிறதே. கொஞ்சம் பொறுத்து நானே போய்க் குடத்தை எடுத்து அவள் வாசலில் வைத்தேன். "யக்கா" என்றாள். நான் திரும்பவில்லை.

உடனே வி.ஏ.ஓ.விடம் போனேன். "இன்னா ஆயா, கையெழுத்துப் போட்டுட்டு இப்ப மாத்திப் பேசறியே" என்று சத்தம் போட்டார். நிலம் பாதி நம்முடையது என்று, உன் அப்பாவின் வாரிசுகளாக நானும் நீயும் உத்திரமேரூர் தாலுக்கா ஆபீசில் எழுதிக் கொடுத்தால் இரண்டு பேருக்கும் அட்டை உண்டாம். முன்னே சொன்னது பொய் என்றும் நான் எழுத வேண்டுமாம். எழுதுகிறேன்.

லீவு போட்டு இந்த வாரமே வா. இரக்கப்பட்டுக் கூப்பிடுகிறேன் என்று நினைக்காதே. அவள் பிழைத்து வந்தால் மறுபடி ஊர் அவள் வாசலில் நிற்கும், என் வயிறு எரியும். எரிந்துவிட்டுப் போகட்டும். பேசாமல் இருப்பதற்காவது எனக்கு அவள் வேண்டும்.

உன் குடும்பம் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் நைனா. பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதலில் அவளைப் பார்த்துவிட்டு வா. நான் சொல்லி வந்ததாகச் சொல்லாதே.

இப்படிக்கு,
உன் அம்மா
தேசம்மாள்