புரட்டாசியில் நல்லி சூப்

என் செல்லத் தம்பி சரவணா,

நீ போன பிறகு வருகிற முதல் புரட்டாசி இது. கணபதியில் நம் வீட்டில் இப்போது என்ன வாசம் தெரியுமா? ஆட்டு நல்லி சூப். புரட்டாசியில் ஒரு முட்டையைக்கூட வாசல் தாண்ட விடாத நம் அம்மாதான் வைக்கிறாள்.

எங்கள் கல்லூரி நூலகத்துக்கு வந்த அறிவியல் இதழில் படித்ததைச் சின்னவன் செந்திலிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். எலும்பு மஜ்ஜையில் இருக்கிற ஸ்டெம் செல் ரத்தமாகத்தான் ஆகும் என்று இத்தனை காலம் வகுப்பில் நடத்தியவள் நான். இப்போது எலிக்குள் அது தசையாகவும் மாறியிருக்கிறது என்கிறார்கள். உன்னைக் கொண்டுபோன அதே தசை நோய்தானே அவனுக்கும்? அடுக்களையில் இருந்து கேட்ட அம்மா மறுநாளே கறிக்கடைக்குப் போய்விட்டாள்.

“ஏனுங்கம்மா, புரட்டாசில எலும்புங்களா?” என்றாராம் பாய்.

“மருந்துக்குங்க” என்றாளாம்.

சாப்பிடுகிற மஜ்ஜை வயிற்றில் செரித்துப்போகும், தசைக்குப் போய்ச் சேராது என்று சொல்லிப் பார்த்தேன். “அப்பறம் என் எலும்புல இருந்து எடுத்துக்கச் சொல்லு கண்ணு” என்கிறாள்.

அந்த இதழிலேயே சண்டை நடக்கிறது. மாறியது ஏதோ கொஞ்சம் செல்தான், அது எதற்கும் போதாது என்கிறார் ஒருவர். மாறவே இல்லை, எடுக்கும்போதே வேறு செல் கலந்திருக்கும் என்கிறார் இன்னொருவர். இரண்டுமே நியாயமாகத்தான் படுகிறது. எனக்குக் கோபம் கோபமாக வருகிறது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. அவர்கள் நிதானமாகச் சண்டை போட்டுத் தீர்க்கட்டும், அதுதான் முறை. செந்திலின் கை அதுவரை தாங்குமா?

கொஞ்ச நாள் முன்புவரை தலையைத் தானே வாரிக்கொண்டான். இப்போது டம்ளரை நான் பிடிக்கிறேன்.

“நெசமாலுமே மாறுமாக்கா?”

“தெரியலடா.”

“அம்மாகிட்ட அப்படிச் சொல்லீராதக்கா” என்றுவிட்டு மிச்சத்தையும் குடித்தான். அவனுக்கு அந்த வாசமே ஆகாது என்று உனக்குத் தெரியும்.

மாறும் என்று அவனிடம் பொய் சொல்ல மாட்டேன். மாறாது என்று அம்மாவிடம் இனி வாயே திறக்க மாட்டேன். அடுத்த இதழ் வந்ததும் முதல் ஆளாகப் பிரித்துப் பார்ப்பேன். இவ்வளவுதான் என்னால் உனக்குத் தர முடிந்த வாக்கு. அவனுக்கும் இப்படி ஒரு கடிதம் எழுத என்னால் முடியாது சரவணா.

உங்கள் இருவருக்கும்
அக்கா