மாதிரி வீடு

ஜூன் 4

அன்புள்ள ஸ்கேலு,

இந்த அகாலத்தில் எழுதுவதற்கு மன்னித்துவிடு. குட்டி இப்போதுதான் தூங்கினாள். போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதான் மெயில்.

என் வீட்டுக்கு யாரோ வந்து போகிறார்கள். சிரிக்காதே. குட்டியைக் காப்பகத்தில் விட்டுவிட்டு ஆபீஸ் ஓடும்போது, நீ பார்த்துப் பார்த்து டிசைன் பண்ணிக் கொடுத்த வீடு போர்க்களமாகக் கிடக்கும். சாயங்காலம் வந்தால், சில நாள் சோபாத் தலையணைகள் காதைத் தூக்கிக்கொண்டு நிற்கின்றன. துணி காயும் ஸ்டாண்ட் குளியலறைக் கதவுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. போன வாரம் சாப்பாட்டு மேசை நடுவில் ஒரு கிண்ணம் பச்சை ஆப்பிள்! எந்தத் திருடனாவது ஆப்பிள் வாங்கி வைத்துவிட்டுப் போவானா?

அவரிடம் கேட்டேன். பால்புட்டியைக் கழுவிக்கொண்டே, "நான்தான் வாங்கினேன்" என்றார். நறுக்கிக் கொடுத்தாலும் தொடாத மனுஷன்! "யாரு வந்துட்டுப் போறா? நேரா சொல்லுங்க" என்றேன். "யாரும் வரலையே" என்றார், திரும்பிப் பார்க்காமல். அன்றிலிருந்து அவருக்கு ஹாலில்தான் படுக்கை.

எவளோ ஒருத்தி. வீட்டை அழகாக வைக்கத் தெரிந்தவள் வேறு. அதுதான் இன்னும் எரிகிறது. எனக்குப் பைத்தியமா, சொல்லு.

உன்
பயந்தாங்கொள்ளி

ஜூன் 5

என் பயந்தாங்கொள்ளிக்கு,

பைத்தியம் இல்லைடி. அந்த 'எவளோ' நான்தான். அடிக்க வராதே, முழுசாகப் படி.

இந்த இன்டீரியர் தொழிலைத் தொடங்கியதிலிருந்து நான் பண்ணாத விளம்பரம் இல்லை. ரீல்ஸ் போட்டேன், ஊர்ப்பட்ட பேர் ஹார்ட் விட்டார்கள், ஒருத்தரும் போன் பண்ணவில்லை. அடுக்குமாடி வாசலில் நோட்டீஸ் கொடுத்தேன், விசிறிக்கொண்டே போனார்கள். கம்ப்யூட்டரில் வரைந்து காட்டினால், "படத்துல எல்லாம் நல்லாத்தாங்க இருக்கும்" என்கிறார்கள். ஒரு நாள் ஒரு தம்பதியை உன் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். குழந்தை இருக்கிற சின்ன வீட்டில் இவ்வளவு இடமா என்று வாயைப் பிளந்தார்கள். அங்கேயே வேலையைக் கொடுத்துவிட்டார்கள். அப்புறம் விட மனசு வரவில்லை, ஆள் கூட்டி வரும்போதெல்லாம் வீட்டை ஒதுக்கி, அழகுக்கு ஆப்பிளும் வைத்தேன். அலமாரி வேலைக்காக நீ கொடுத்த சாவியும் என்னிடமே இருந்தது.

உன் வீட்டுக்காரரைக் கேட்டுக்கொண்டுதான் வந்தேன். "அவகிட்ட சொல்லாதீங்க, முன்பின் தெரியாதவங்க வர்றாங்கன்னா தூங்கவே மாட்டா" என்றார். கடைசியில் உன் தூக்கமும் போச்சு, பாவம், அவர் கட்டிலும் போச்சு! ஞாயிற்றுக்கிழமை வந்து காலில் விழுகிறேன்.

ஸ்கேலு

ஜூன் 6

ஸ்கேலு,

படித்ததும் சிரித்துவிட்டேன், நிஜமாகவே. அவரை எழுப்பி மன்னிப்புக் கேட்கலாம் என்று ஹாலுக்குப் போனேன். பாதியிலேயே நின்றுவிட்டேன்.

யார் யாரோ என் குழந்தையின் கட்டிலைப் பார்த்துவிட்டுப் போனதைக்கூட விடு. நான் பயப்படுவேன் என்று மறைத்தாராம், சரி. ஆனால் நான் தலையணையைத் தூக்கி ஹாலில் எறிந்த அன்றைக்கு, "உன் ஃப்ரெண்டுதான்மா, ஆள் கூட்டிட்டு வர்றா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்குமே? எவளோ ஒருத்தி வருகிறாள் என்று நினைத்ததைவிடவா இதற்குப் பயந்துவிடுவேன்? பெண்டாட்டியிடம் கெட்ட பேர் வாங்கிக்கொண்டு ஒரு மனுஷன் உன் பெயரை மட்டும் வாயில் எடுக்கவில்லை. அவர் காப்பாற்றியது என் தூக்கத்தையா?

இதை இன்னும் அவரிடம் கேட்கவில்லை. உன்னிடம்தான் கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வராதே. எழுதிச் சொல். கூட்டிவர ஆள் யாரும் இல்லாமல், நீ மட்டும் வந்த நாள் உண்டா?

சீக்கிரம் பதில் எழுது.

குட்டியின் அம்மா