தண்ணீர் வேண்டாத எஞ்சின்

இன்று காலை தென் லண்டனில், மிட்சமிலுள்ள உன் கராஜ் கதவைத் தூக்கியதும் அந்த வாசனைதான் முதலில் வந்தது. எண்ணெய், பழைய ரப்பர், அவற்றுக்கு அடியில் தேங்காய்த் தும்பு நார். நீ போய் எட்டு மாதமாகிறது. கார் மட்டும் நேற்றுத்தான் நீ நிறுத்திவிட்டுப் போனதுபோல் மணக்கிறது.

தும்பைக் கண்டுபிடித்தவள் நீ. இருக்கை உறை கிழிந்த இடத்தில் விரலை விட்டு ஒரு பிடி இழுத்து, "எடியே, ஜெர்மன்காரன் எங்கட தும்பிலயெல்லோ குந்தியிருந்து ஓடியிருக்கிறான்" என்றாய். ரப்பர் பால் பூசிய தும்பு மெத்தை. அது இலங்கையிலிருந்து போனதா வேறெங்கிருந்தும் போனதா என்று ஒரு மாதம் தேடினாய். பதில் கிடைக்கவில்லை. அதற்காக நீ கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை.

மன்னாரில் பிறந்து லண்டனில் பஸ் ஓட்டிய நீயும், ஸ்ட்ரெதமில் ஒரு பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் வேலை பார்க்கும் நானும் ஐம்பது வயதுக்குப் பிறகு ஓர் ஆமைக்காரை வாங்கியபோது நம் தெருவில் சிரிக்காதவர் இல்லை. அறுபதுகளில் செய்த பீட்டில். நாள் முழுக்க பஸ் ஓட்டிவிட்டு வந்து அதன் அடியில் படுத்துக்கொள்வாய். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அதைச் செய்த ஜெர்மன் தொழிற்சாலையை மறுபடி ஓடவைத்தது பிரித்தானிய இராணுவம் என்றும், வந்து பார்த்த இங்கிலாந்துக் கார்க்காரர்கள் இது விலைபோகாது என்று விட்டுவிட்டுப் போனார்கள் என்றும் படித்த அன்று, கையில் ஸ்பானரோடு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாய். அதே எஞ்சினை வைத்து வான் வண்டி செய்தார்கள், ஒய்யாரமான இரண்டு கதவுக் காரும் செய்தார்கள். வேண்டாம் என்று போனவர்களின் முகத்தைப் பார்க்கவேண்டும் என்பது உன் தீராத ஆசை.

எத்தனை விசித்திரம் அந்தக் காரில். எஞ்சின் பின்னால், நான்கு சிலிண்டர்களும் இரண்டிரண்டாக எதிரெதிரே படுத்திருக்கும். ரேடியேட்டர் இல்லை, ஒரு விசிறி ஊதும் காற்றுத்தான். முன் கண்ணாடியைக் கழுவும் தண்ணீரைத் தள்ளுவது உதிரிச் சக்கரத்திலுள்ள காற்று. எல்லாக் கண்ணாடியையும் ஏற்றிவிட்டால் கடைசிக் கதவு சாத்தாது. உள்ளே அடைபட்ட காற்று விடாது. நீ வேண்டுமென்றே கண்ணாடியை ஏற்றிவிட்டு, நான் கதவோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துச் சிரிப்பாய்.

முதல் ஓட்டத்துக்கு முன் உங்கள் மாதா கோவிலில் ஆசீர்வாதம் வாங்கவேண்டும் என்றாய். எங்கள் வழக்கப்படி சக்கரத்துக்கடியில் எலுமிச்சந் தேசிக்காய் வைத்து நசுக்கவேண்டும் என்றேன் நான். "ரெண்டையும் செய்வம். எஞ்சின் சமயம் கேக்காது" என்றாய் நீ.

பூசை முடிந்து சனம் எல்லாம் சுற்றி நிற்க, ஃபாதர் முன்மூடியைத் திறக்கச் சொன்னார். உள்ளே உதிரிச் சக்கரமும் உன் குடையும் கிடந்தன.

"எஞ்சின் எங்க பிள்ளை?"

"பின்னால, ஃபாதர்."

முன்னால் விட்ட குறையைப் பின்னால் தீர்ப்பதுபோல் மனிதர் எஞ்சின்மேல் தீர்த்தத்தைத் தாராளமாகத் தெளித்துவிட்டார். தேசிக்காயை நசுக்கவேண்டிய கார் அசையவில்லை. பிளக்குகளுக்கு மின்சாரம் பிரிக்கும் மூடிக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. எனக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது. நீ மூடியைக் கழற்றிச் சால்வையால் துடைத்துக்கொண்டே, "தண்ணியே குடியாத எஞ்சினுக்குத் தீர்த்தம் பருக்கினால் விக்கும்தானே ஃபாதர்" என்றாய். அவர்தான் முதலில் சிரித்தார்.

போன வாரம் உன் மகள் வந்தாள். குரொய்டனில் ஒரு வேர்க்‌ஷொப்பில் எஞ்சினை எடுத்துவிட்டு பற்றரியில் ஓடும் மோட்டர் வைத்துத் தருவார்களாம். அப்படியென்றால் தினமும் வேலைக்கு அதிலேயே போவாளாம். "அன்ரி, நீங்க நோ சொன்னா செய்யமாட்டன். அம்மா விட்டிருப்பாவா?"

ஏலாது என்று சொல்லிவிட்டேன். கோபமாகவே சொன்னேன். பிள்ளையின் முகம் வாடிப்போயிற்று. பிறகுதான் யோசித்தேன். நீயாக இருந்தால் அந்த மோட்டரை எங்கே பொருத்துவார்கள், பற்றரியை எந்த மூலையில் வைப்பார்கள் என்று குரொய்டனுக்கே போய் அவர்கள் உயிரை எடுத்திருப்பாய். எஞ்சினைக் காப்பாற்ற நினைத்தது நீ இல்லை, நான். அந்தக் கடகடச் சத்தம் தெரு முனையில் கேட்டால் நீ வருகிறாய் என்று அர்த்தம். அது நின்றுவிட்டால் நீ செத்துப்போனது உண்மையாகிவிடும் என்று பயந்தேன்.

அவளை இன்று வரச்சொன்னேன். காரைப் பின்பக்கமாகத் தூக்கி நிறுத்தி, நான்கு போல்ட்டைக் கழற்றி, எஞ்சினைத் தாங்கிய ஜக்கை மெல்ல இறக்கினோம். கடைசிப் போல்ட்டை அவள்தான் கழற்றினாள். மத்தியானம் கார் டிரெய்லரில் ஏறிப் போனது. எஞ்சினை என்னிடமே விட்டுவிட்டாள்.

சூடேறியதும் அதற்குள் ஒரு டிக் டிக் கேட்குமே, மூன்று வருடம் அதற்காகச் சண்டை போட்டோம். பல்லுச்சக்கரம் என்றாய் நீ. பெயரிங் என்றேன் நான். "ஓடுறதைப் பிரிச்சுப்போட்டு ரெண்டு பேரும் நடக்கிறதே? அதுவா நிக்கட்டும், பாப்பம்" என்று தள்ளிப்போட்டாய்.

இப்போது நின்றுவிட்டது. நாளைக்குப் பிரிக்கப்போகிறேன். உன்னைப் பிடித்திருந்த அந்த அறியும் ஆசை எனக்கும் தொற்றிவிட்டது, இனி விடாது. நீ சொன்னதுதான் சரியென்றால், தோற்றுவிட்டேன் என்று போய்ச் சொல்ல எனக்கு ஆள் இல்லை. நான் சொன்னது சரியாக இருந்தால் என்ன செய்வேன் என்றுதான் தெரியவில்லை.