அடித்த இரும்பில் கை வைக்காதே

மார்ச் 3, திங்கள்
காலையிலிருந்தே மூட்டம். பட்டறை வாசலில் நின்றால் எதிரே இருக்கும் தேயிலை ஃபாக்டரி தெரியவில்லை. பெயிண்ட் வேலைக்கு உருப்படாத ஊர் இது.

வேலை: இலை வாட்டும் தொட்டிகளின் விசிறிகள், நான்கு. துருவை எடுத்துப் புது பெயிண்ட். வாங்குகிற கம்பெனிக்காரர்கள் தேயிலையில் ஒரு துருச் செதிலைக் கண்டுபிடித்துப் பையில் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். கடுகளவு. அந்தக் கடுகுக்காக 17-ஆம் தேதி நேரில் பார்க்க வருகிறார்களாம்.

காய்ந்த மணலை அடித்துத் துரு எடுத்தால் தூசி இலையில் விழும். அதனால் ஈர முறை: தண்ணீரும் கண்ணாடித் தூளும் காற்றோடு ஒரே துப்பாக்கியில். தூசியே இல்லை. ஈப்போ டவுனிலிருந்து வாடகை மெஷின் வந்து இறங்கியாயிற்று. போன வருடத்திலிருந்து மேனேஜர் துரையிடம் தொண்டைத் தண்ணீர் வற்றக் கேட்டேன். செதில் வந்த பிறகுதான் காது திறந்தது. அதுவும் எப்படி?

"சரசு, இது சரியா வரலைன்னா எல்லா ரிப்பேரும் வெளிய கொடுத்துருவேன். பட்டறைய மூடிரலாம்."

மூடினால் நான், மணியண்ணன், கலா மூவரும் வெளியே. வேலை போனால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீடும் போகும். இருபது வருடமாக இருக்கும் வீடு.

வாங்க: துரு தடுக்கும் மருந்து (தண்ணீரில் கலக்க), ரப்பர் கையுறை, பிரைமர், வீட்டுக்குப் பெரிய வெங்காயம்.

மார்ச் 4, செவ்வாய்
முதல் விசிறி (வி.1) அடித்தாயிற்று. துப்பாக்கி பிடித்தது மணியண்ணன். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், கை நடுங்கவே இல்லை. துரு சேறாக ஓடி, அடியில் இரும்பு இளஞ்சாம்பல் நிறத்தில் ஒரே சீராக. அழகு. கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன்.

பிறகு பாடம் நடத்தினேன். அடித்த இரும்பு பச்சைப் புண் மாதிரி. கை பட்டால் வியர்வையும் எண்ணெயும் ஒட்டும், பெயிண்ட் பிடிக்காது. காற்றடித்துக் காயவைத்து உடனே பிரைமர். வெறுங்கை கூடாது. மூன்று தரம் சொன்னேன்.

"சரி லா சரசு. நான் என்ன பால் குடிக்கிற பிள்ளையா?" மணியண்ணன்.

நடுவில் ஆபீசில் கூப்பிட்டார்கள். திரும்பி வருவதற்குள் கலா பிரைமர் அடித்து முடித்திருந்தாள். பெயிண்ட் வேலையில் அவளை மிஞ்ச ஆளில்லை.

மார்ச் 6, வியாழன்
மழை. வி.1-க்கு இரண்டாம் பூச்சு. முழங்கால் வலி.

கேன்டீனில் காதில் விழுந்தது: "தண்ணி அடிச்சா துரு போவுதாம் லா." "தண்ணி அடிச்சா நம்ம மணியம்தான் போவான்." பெரிய சிரிப்பு. மணியண்ணனும் சேர்ந்து சிரிக்கிறார். எரிச்சல்.

மார்ச் 8, சனி
வி.1 சோதனை. கத்தியால் கட்டம் கீறி, டேப் ஒட்டி, வெடுக்கென்று இழுக்க வேண்டும். எட்டு இடம் பார்த்தேன். ஏழில் பொட்டுக்கூட வரவில்லை. இறக்கைகள் சேரும் நடுக் குடத்தில் டேப்போடு பெயிண்டும் கையில் வந்துவிட்டது. சுற்றிலும் உரித்துப் பார்த்தேன்.

படுக்கையாக மூன்று பட்டை. நடுவில் வட்டமாக ஒரு பொட்டு.

"யாரு வச்சது?"

"புது மெஷின்ல வந்த முதல் வேலை. திருநூறு வைக்காம எப்படி லா?" மணியண்ணன். "கையெல்லாம் கழுவிட்டு சுத்தமாத்தான் வச்சேன்."

"தண்ணியில கொழைச்சா?"

"பின்ன? காஞ்சது நிக்காது லா."

கலாவைக் கேட்டேன், நீ பார்க்கவில்லையா என்று.

"பாத்தேன்க்கா. சாமிக்கு வச்சத எப்படித் துடைக்கிறது? அப்படியே மேல அடிச்சிட்டேன்."

தலையில் அடித்துக்கொண்டேன். நானும் திருநீறு பூசாமல் வீட்டைவிட்டு இறங்குகிறவள் இல்லை. அதனால் முழுதாகத் திட்டவும் முடியவில்லை. கொஞ்சம் திட்டினேன். கொஞ்சம் இல்லை, நிறைய.

மார்ச் 10, திங்கள்
வி.1 மறுபடி அடித்தாயிற்று. பூசையை மெஷினுக்குப் போடுங்கள், இரும்பை விடுங்கள் என்றேன்.

"மெஷின் ஈப்போக்காரனுது. விசிறிதான் நம்மளது."

அப்படியானால் அடிப்பதற்கு முன்னால் துரு மேலேயே வையுங்கள் என்றேன்.

"வச்சிட்டு நானே அடிச்சு அழிக்கணுமா? நல்லாருக்கு லா!"

கத்தினேன். அவரும் கத்தினார். அப்புறம் இடது கையைத் தூக்கிக் காட்டினார். சுண்டுவிரல் பாதிதான். எட்டு வருடத்துக்கு முன் இதே விசிறி எடுத்தது. "அந்த வருசம் பூசை போடல" என்றார்.

நாங்கள் சண்டை போட்டு முடிப்பதற்குள் மூட்டம் உள்ளே வந்து, மருந்து கலந்து அடித்தும் வி.1 முழுக்கப் பழுப்பு. மூன்றாம் முறை அடிக்க வேண்டும். அழுகை வந்தது.

தேநீர் குடித்துவிட்டு வந்த மணியண்ணன் அவராகவே சொன்னார்: "மோட்டார் மேல வச்சிக்கிறேன். அதுதானே சுத்த வைக்குது." மோட்டாரை நாங்கள் அடிப்பதில்லை. இதை இரண்டு மணி நேரத்துக்கு முன்பே சொல்லியிருக்கக் கூடாதா மனுசன்?

மார்ச் 13, வியாழன்
வி.1, 2, 3 முடிந்தன. டேப்பில் ஒன்றும் வரவில்லை. மூன்று மோட்டாரிலும் பட்டை, பொட்டு, ஆளுக்கொரு செம்பருத்தி. இருக்கட்டும்.

மிச்ச நேரத்தில் இலை உருட்டும் மேசையின் பித்தளைக் கட்டைகளுக்குக் தூளுக்குப் பதில் பொடிக் கண்ணாடி மணி போட்டு அடித்துப் பார்த்தோம். வருடக்கணக்கான தேயிலைக் கறை போய்விட்டது, பித்தளை தேயவில்லை. கலா வாயைப் பிளந்தாள்.

மார்ச் 14, வெள்ளி
வி.4. கடைசி. இன்று பிரைமர், சனி ஞாயிறு இரண்டு பூச்சு, திங்கள் கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள். ஒரு நாள் தவறினாலும் அவ்வளவுதான். மெஷினைத் திருப்பி எடுத்துப்போக ஈப்போ லோரி வாசலில் நிற்கிறது.

பன்னிரண்டு மணிக்கு அடித்து, காயவைத்து, கலா பிரஷ்ஷை எடுக்கிறாள். துரை உள்ளே வந்தார். கூடவே கோலாலம்பூர் தலைமை ஆபீஸ் ஆட்கள் இருவர். "அடேயப்பா, என்ன நைசா இருக்கு!" துரை குனிந்து, உள்ளங்கையை முழுதாக வைத்து, இறக்கையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தடவினார்.

"கைய எடுய்யா!"

நான்தான். 'ய்யா' வேறு. இந்த எஸ்டேட்டில் துரையை யாரும் அப்படிப் பேசியதில்லை. தலைமை ஆபீஸ் ஆட்கள் குனிந்து காலில் இருந்த சப்பாத்தைப் பார்த்தார்கள்.

"என்ன சொன்ன?"

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். வாய் கேட்கவில்லை. "இன்னும் அரை மணியில உங்க கை அங்க பழுப்பா பூக்கும் துரை. மறுபடி அடிக்கணும். லோரிய நிக்கச் சொல்லுங்க."

வந்தவர்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். மணியண்ணன்: "முடிஞ்சிச்சு லா சரசு. சாமான கட்டு."

அரை மணி. மற்ற இடமெல்லாம் சாம்பல் நிறம், நடுவே ஐந்து விரலும் உள்ளங்கையும் அச்சாகப் பழுப்பு. போனில் படம் எடுத்துத் துரைக்கு அனுப்பினேன். ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. பார்த்துவிட்டார் என்று காட்டியது.

லோரிக்காரர் வந்து சொன்னார்: "நிக்கச் சொல்லிட்டாங்க."

மணியண்ணன் துப்பாக்கியை எடுத்தார். அடித்தோம், காயவைத்தோம், கலா பிரைமரை ஆரம்பித்தாள். திரும்பினால் துரை. தனியாக, வாசலுக்கு வெளியே, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு. தூறல் தலையில் விழுகிறது. கலா கடைசி இறக்கையை முடிக்கும்வரை அப்படியே நின்றார்.

"சரசு, உள்ள வரலாமா?"

"இன்னும் காயல துரை" என்றேன்.