செல்ஃப் எடுக்காத காலை

14 ஜூலை 2004, புதன்

போன வருஷம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்த பிறகு, கிக்கரை உதைக்கக் கூடாதென்றே வாங்கிய செல்ஃப் வண்டி. இன்று பட்டனை அழுத்தினால் முனகல்கூட இல்லை. ஹாரன் நன்றாகத்தான் அடித்தது. ஆனாலும் பேட்டரி போச்சு என்று எங்கள் பேட்டையான கோர்படி முழுக்கக் கேட்கும்படி தீர்ப்புச் சொன்னேன்.

மாடியிலிருந்து என் மனைவி ஸ்டெல்லா எட்டிப் பார்த்தாள்.

"கிக்கர்ல காலை வச்சீங்க, தெரியும் சேதி!"

"வைக்கலடி, தாயே."

அவள் உள்ளே போனதும் ஏழு உதை உதைத்தேன். வண்டி கிளம்பியது. எனக்குத்தான் மூச்சு நின்று நின்று வந்தது.

பக்கத்து வீட்டு ஆரோக்கியம் வந்து பிரேக்கைப் பிடித்துப் பார்த்தான். பின்விளக்கு எரியவில்லை.

"என்னண்ணே, பிரேக் பிடிச்சாத்தானே செல்ஃப் எடுக்கும்? அந்த ஸ்விட்ச்சுல மழைத்தண்ணி பூந்திருக்கு. இதுக்கா இந்தக் குதி குதிச்சீங்க?"

வண்டியை அணைத்துவிட்டுத் துடைத்தான், ஊதினான். ஒரே அழுத்தில் செல்ஃப் எடுத்தது. நானும் கூடச் சிரித்து வைத்தேன்.

ராத்திரி தோள்வலி என்றேன். ஸ்டெல்லா தைலம் தேய்த்துவிட்டுத் தூங்கிவிட்டாள். வலி இப்போது இடது முழங்கை வரை இறங்கியிருக்கிறது. எழுப்பினால் உதைத்ததைச் சொல்ல வேண்டும், திட்டுவாள். இந்த வரியை முடித்துவிட்டு எழுப்பலாமென்று நாலாவது வரியாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.